பெரும்போரில் சின்ன மந்திரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் வரும் மந்திரவாதி பீரங்கியாகப் பிறந்தவன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற விதிநூலை வெளியிட்டார்கள். இடைக்காலப் படைகளைச் சின்னச் சின்ன பொம்மைகளாக மேசைமேல் நிறுத்தி மோதவிடும் போர் விளையாட்டு அது. பொதுவாக ஒரு பொம்மை என்றால் 20 வீரர்கள் என்று கணக்கு. நூலின் கடைசியில் மாயக்கதைகளுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார்கள். டிராகன் வந்தது, எல்ஃப் வந்தது, மந்திரவாதியும் வந்தான். அவன் எறியும் தீப்பந்து பெரிய கவண்பொறிக்குச் சமம். அவன் விடும் மின்னல் கனமான பீரங்கிக்குச் சமம். விதி எழுதியவர்கள் கையில் அப்போது இருந்த அளவுகோல் கவணும் பீரங்கியும்தான், அதனால் அந்தக் கட்டத்துக்குள் மந்திரவாதியை உட்கார வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1974இல், கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டி அண்ட் டி-யை வெளியிட்டபோது படை காணாமல்போய் நாலைந்து பேர் கொண்ட குழு நிலவறைக்குள் இறங்கியது. பீரங்கியும் அவர்களோடு படியிறங்கியது.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒருவர் கதை நடத்துநர், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மந்திரங்களுக்குச் சுழியத்திலிருந்து ஒன்பது வரை படிநிலை உண்டு. சுழியப் படியில் இருப்பவை கேன்ட்ரிப். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், செலவே இல்லை. ஒன்றாம் படிக்கு மேல் போனால் நாளுக்கு இத்தனைதான் என்று எண்ணி வைத்திருப்பார்கள். நான் சின்ன மந்திரம் என்று சொல்வது இந்த அடிமட்டத்தில் கிடப்பவற்றை.

இவற்றால் பெரும்போரில் என்ன பயன்? ஆயிரம் பேர் மோதும்போது ஒரு மெழுகுவர்த்தியைத் தூரத்திலிருந்து அணைக்கத் தெரிந்தவன் எதற்கு? பெரும்பாலான மேசைகளில் இதற்குப் பதில், எதற்கும் இல்லை என்பதுதான். போர் வரும் வாரத்தில் குறைந்த லெவல் மந்திரவாதியை ஆடுபவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சிவில் இன்ஜினியர், கால்குலேட்டரைத் தட்டாமல் எதையும் நம்பமாட்டேன். அதனால் முதலில் பெரிய மந்திரத்திலிருந்தே தொடங்கினேன். ஃபயர்பால் மூன்றாம் படி. 20 அடி ஆரம். 5 அடிக் கட்டத்துக்கு ஒருவர் என்று நெருக்கி நின்றாலும் அந்த வட்டத்துக்குள் 50 பேர் இருப்பார்கள். ஐந்தாம் லெவல் மந்திரவாதி ஒருநாளில் இரண்டு தடவை போடலாம், கொஞ்சம் ஓய்வெடுத்தால் இன்னொன்று. எல்லாம் குறி தப்பாமல் விழுந்து அத்தனை பேரும் செத்தாலும் 150 பேர். எதிரே நிற்பவர்கள் 10,000 என்றால் ஒன்றரை விழுக்காடு. அதற்குப் பிறகு அவன் உங்களையும் என்னையும் போல நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒன்றாம் படியில் இருக்கும் ஸ்லீப்பை எடுத்தால் இன்னும் மோசம். ஐந்து எட்டுமுகப் பகடை, சராசரி 22 ஹிட் பாயிண்ட். சாதாரணக் காவலாளிக்கு 11. ஆக இரண்டு பேரைத் தூங்க வைக்கலாம். இரண்டு பேர்!

அப்படியானால், ஆளைக் கொல்வதுதான் கணக்கு என்றால் பெரும்போரில் ஃபயர்பாலே சின்ன மந்திரம்தான். ஒன்றாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே நிலவறையில் இருக்கிற தூரம் களத்தில் இல்லை. விதிநூல் மந்திரங்களை வரிசைப்படுத்தியிருப்பது ஒரு அறைக்குள் நாலைந்து உடம்புகள்மேல் அவை எவ்வளவு காயம் ஏற்படுத்தும் என்பதை வைத்து. அறையை விட்டு வெளியே வந்ததும் அந்த வரிசை குலைந்துவிடுகிறது. ஆனால் நாம் அதே வரிசையை நம்பிக்கொண்டு களத்துக்குப் போகிறோம்.

குலைகிறது என்பதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த சாட்சி 'மோல்ட் எர்த்' என்ற கேன்ட்ரிப். 2017இல் வந்த சானத்தார் கையேட்டில் இருக்கிறது. இளகிய மண்ணாக இருந்தால் 5 அடிக்கு 5 அடிக்கு 5 அடி கனசதுரம் ஒன்றை உடனே தோண்டி 5 அடி தள்ளிப் போடலாம். இந்த நகர்வால் யாருக்கும் காயம் படாது என்று விதியே கூடவே ஒரு வரி எழுதிவிடுகிறது. காயம் இல்லை, அதனால் சுழியப் படி. முடிந்தது விஷயம்.

125 கன அடி என்பது மூன்றரை கன மீட்டர். ஆறு வினாடிக்கு ஒரு தடவை போடலாம், அதாவது நிமிடத்துக்கு 35 கன மீட்டர். நான் வேலை பார்க்கும் சைட்டில் 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று நிற்கிறது. ஒரு கன மீட்டர் பக்கெட், ஒரு சுற்றுக்கு 20 வினாடி என்று தாராளமாக வைத்தாலும் நிமிடத்துக்கு மூன்று கன மீட்டர். பத்து எக்ஸ்கவேட்டர் செய்யும் வேலையைப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், டீசல் இல்லாமல், கையை ஆட்டிக்கொண்டே செய்கிறான். ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 100 மீட்டர் நீள அகழிக்கு அவனுக்கு ஏழு நிமிடம்கூட வேண்டாம். அள்ளிய மண் பக்கத்திலேயே கரையாக நிற்கும். ரோமானியப் படை தினமும் சாயங்காலம் நடந்து களைத்த கால்களோடு தங்குமிடத்தைச் சுற்றி அகழி வெட்டிவிட்டுத்தான் தூங்கப் போகும். அந்த ராணுவத்தின் தளபதியிடம் ஃபயர்பால் போடுகிறவனையும் இந்தப் பையனையும் கொண்டுபோய் நிறுத்தி யார் வேண்டும் என்று கேட்டால் அவர் யோசிக்கவே மாட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது கணக்கு மட்டுமில்லை. மண்வெட்டுவதை வேலையாகவே மதிக்காத ஒரு புத்தகம், தனக்கே தெரியாமல் மண்வெட்டுபவனைப் பேரரசின் மிகப் பெரிய ஆளாக ஆக்கி வைத்திருக்கிறதே, அதுதான்.

கேன்ட்ரிப் என்ற சொல் இந்த விளையாட்டுக்குள் வந்த கதையும் இதையேதான் காட்டுகிறது. 1985இல் வந்த 'அனெர்த்ட் ஆர்க்கனா' நூலில் கைகாக்ஸ் கேன்ட்ரிப்களை நீளமாகப் பட்டியலிட்டிருப்பார். துடைப்பது, உலர்த்துவது, மெருகேற்றுவது, உப்புப் போடுவது, தைப்பது, முடிச்சுப் போடுவது, சூடாக்குவது, பொட்டலம் கட்டுவது. இவற்றைத் திருப்பிப் போட்டால் புளிக்க வைப்பது, சிக்கலாக்குவது, முடிச்சவிழ்ப்பது. அப்புறம் அடுத்தவரைத் தும்ம வைப்பது, கொட்டாவி விட வைப்பது, சிரிக்க வைப்பது. குருவின் வீட்டில் எடுபிடி வேலை பார்க்கும் சீடன் கற்றுக்கொள்ளும் மந்திரங்கள் இவை. பட்டியலைப் படிக்கும்போது வீட்டு வேலைகளின் பட்டியல் மாதிரியே இருக்கும். பெரிய மந்திரம் ஆண்கள் வெளியே போய்ச் செய்வது, சின்ன மந்திரம் அடுப்படியில் நடப்பது என்கிற பழைய ஏற்பாடு எழுதாமலே அதில் தெரிகிறது.

ஆனால் ராணுவம் என்பது என்ன? ஆயிரக்கணக்கானோருக்குச் சமையல், துணி, செருப்பு, கூடாரக் கயிறு, நனைந்துபோன விறகு. சண்டை நடப்பது எப்போதோ ஒருநாள். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் குண்டடி பட்டுச் செத்ததைவிட நோயில் செத்தது பல மடங்கு. ஒரு படைப்பிரிவின் காலுறைகளை உலர்த்தத் தெரிந்த நாலு சீடர்கள் அந்த மாரிக்காலத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிச்சுப் பாருங்க. 2014 பதிப்பு இந்தப் பட்டியலில் பெரும்பகுதியைச் சுருக்கி 'பிரெஸ்டிடிஜிட்டேஷன்' என்ற ஒரே கேன்ட்ரிப்புக்குள் அடைத்துவிட்டது. சுத்தம் செய்யலாம், சூடாக்கலாம், ருசி சேர்க்கலாம், தீவட்டியைக் கொளுத்தலாம் அணைக்கலாம், எல்லாம் ஒரு கன அடி, பத்தடி தூரத்துக்குள். அடைத்தது வசதிக்காக. என்னைக் கேட்டால் பட்டியலாகவே விட்டிருக்கலாம். பட்டியலில் இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தார்.

சரி, அப்படியானால் சின்ன மந்திரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பெரிய போரை ஜெயிக்கலாமா? இங்கேதான் என் போன்ற இன்ஜினியர்கள் வழிதவறிப் போவது. பத்து எக்ஸ்கவேட்டர் கணக்கு எல்லா இடத்திலும் வேலை செய்யாது.

ஹத்தின் போரை எடுத்துக்கொள்வோம். 1187 ஜூலை. சிலுவைப் படை சஃபூரியா ஊற்றுகளை விட்டுக் கிளம்பித் திபேரியாவை நோக்கி நடக்கிறது. சலாஹுதீனின் படை அவர்களை வழியெல்லாம் சீண்டி, ஏரித்தண்ணீரை நெருங்கவிடாமல் மறித்து, காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துப் புகையையும் சேர்த்துவிடுகிறது. ஜூலை 4ஆம் தேதி அந்தப் படை தாகத்தில் உடைந்து அழிகிறது. சிலுவைப் படையில் ஏறத்தாழ 20,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. இப்போது ஒன்றாம் படியில் தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. ஒரு தடவைக்கு 10 கேலன், 38 லிட்டர். அந்த வெயிலில் ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 80,000 லிட்டர். 2,100 தடவை மந்திரம் போட வேண்டும். முதல் லெவல் பூசாரிக்கு நாளுக்கு இரண்டு தடவைதான் முடியும். குதிரைகளை விட்டுவிட்டாலும் ஆயிரத்துக்கு மேல் பூசாரிகள் வேண்டும். அவர்களுக்கும் தாகம் எடுக்கும்.

முடியாது. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஹத்தினைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அதே கதையில் இரண்டு நாள் பின்னால் போனால் வேறொரு இடம் இருக்கிறது. ஜூலை 2ஆம் தேதி சாயங்காலம், ஊற்றுகளை விட்டு நகர வேண்டாம் என்று திரிப்போலியின் ரேமண்ட் சொல்கிறார், அரசர் கீ ஒத்துக்கொள்கிறார். இரவில் எல்லாரும் போன பிறகு கோயில்வீரர்களின் தலைவர் ஜெரார்ட் தனியாக அரசரின் கூடாரத்துக்குப் போய் அவர் மனதை மாற்றுகிறார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. விடிந்ததும் படை நகர்கிறது. 20,000 பேரின் தண்ணீர் அந்த இரவில் ஒரு கூடாரத்தின் அளவுக்குச் சுருங்கி, ஒரு மனிதனின் காதுக்குள் இருந்தது. 'மெசேஜ்' என்ற கேன்ட்ரிப் 120 அடி தூரத்தில் இருப்பவர் காதில் மட்டும் கேட்கும்படி கிசுகிசுக்க உதவும். கூடாரத் துணி அதைத் தடுக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். பெரும்போர் முழுக்கப் பெரிதாக இருப்பதில்லை. அது அங்கங்கே குறுகும். ஒரு பாலத்தின் ஆணியில், ஒரு முரசுக்காரனின் கையில், கோட்டைக் கதவின் கீலில், சேதி கொண்டுபோகிறவனின் வாயில், அரசனின் காதில். அந்தக் குறுகலில் நிற்கும்போது சின்ன மந்திரத்தின் அளவும் போரின் அளவும் ஒன்றாகிவிடுகிறது. தும்மல் வரவைக்கும் மந்திரம் ஆயிரம் வீரர்கள்மேல் வீண். பதுங்கிக் கிடக்கும் படைக்குக் கொம்பு ஊதப்போகிறவன்மேல் போட்டால் அது ஒரு படைப்பிரிவுக்குச் சமம்.

மெசேஜ் பற்றி இன்னும் கொஞ்சம். 1854 அக்டோபர் 25, பாலக்லாவா. மேட்டின் உச்சியிலிருந்து ராக்லன் பிரபு எழுதியனுப்பிய உத்தரவைக் கேப்டன் நோலன் குதிரையில் கீழே கொண்டுவருகிறார். எதிரி எடுத்துப்போகும் பீரங்கிகளைத் தடுக்க வேண்டும் என்பது செய்தி. மேட்டிலிருந்து தெரிந்த பீரங்கிகள் பள்ளத்தாக்கில் நின்ற லூக்கன் பிரபுவுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டதற்கு நோலன் கையைப் பொத்தாம்பொதுவாக நீட்டுகிறார். 600க்கும் மேற்பட்ட குதிரைவீரர்கள் தவறான பள்ளத்தாக்குக்குள் பாய்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், முதலில் செத்தவர்களில் நோலனும் ஒருவர். இங்கே மெசேஜை அஞ்சல் ஓட்டம் மாதிரி வைத்தால்? ஒரு கிலோமீட்டருக்கு 28 பேர் வேண்டும், ஆளுக்கு ஆறு வினாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். நல்ல குதிரையே அதைவிடச் சீக்கிரம் போய்விடும். 28 வாய் மாறி வரும் செய்தி எப்படி இருக்கும் என்பது கல்யாண வீட்டில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். ஆனால் அந்த கேன்ட்ரிப்பில் ஒரு சின்ன வரி உண்டு, கேட்டவர் திருப்பிக் கிசுகிசுக்கலாம். "எந்தப் பீரங்கி?" என்று மேலே திருப்பிக் கேட்க முடிந்திருந்தால் போதும், அதற்கு ஆறு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கீழே நிற்பவன் மேலே இருப்பவனிடம் கேள்வி கேட்கும் வசதியை எந்த ராணுவமும் எளிதில் கொடுத்ததில்லை. விளையாட்டில் அது சுழியப் படியில், இலவசமாகக் கிடக்கிறது.

இதை நாவலாசிரியர்கள் விதி எழுதுபவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சூசன்னா கிளார்க்கின் 'ஜொனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' 2004இல் வந்தது. நெப்போலியனுக்கு எதிராகப் போர்ச்சுகலில் இருக்கும் வெலிங்டனிடம் ஸ்ட்ரேஞ்ச் என்ற மந்திரவாதி போய்ச் சேர்கிறான். வெலிங்டனுக்கு அவனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவன் உருப்படியாகச் செய்வது என்ன தெரியுமா? சாலை போடுகிறான். படை நடக்கத் தேவையான இடத்தில் நல்ல சாலை, படை கடந்ததும் மறைந்துவிடும், பிரெஞ்சுக்காரனுக்குப் பயன்படாது. அந்த நாவலில் ஸ்ட்ரேஞ்ச் செய்யும் மந்திரம் சின்னது என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் நோக்கம் சின்னது, நடப்பதற்கு ஒரு தரை. நான் சாலைப் பணியில் இருப்பவன் என்பதால் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கலாம். அதுவும்தான்.

க்ளென் குக்கின் 'தி பிளாக் கம்பெனி' 1984. கூலிப்படை ஒன்றின் கதை. அந்த உலகத்தில் மலையைப் பெயர்க்கும் மந்திரவாதிகள் இருக்கிறார்கள், நாடுகளையே விழுங்குகிறவர்கள். கூலிப்படையிடம் இருப்பதோ ஒன்‑ஐ, கோப்ளின் மாதிரி உள்ளூர் ஆட்கள். பாதி நேரம் ஒருத்தர்மேல் ஒருத்தர் மாயத்தோற்றங்களை ஏவிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களின் போரில் இவர்கள் உயிரோடு இருப்பது பெரியவர்களுக்குக் குனிந்து பார்க்க நேரமில்லாததால். இந்தக் கதையைச் சொல்பவர் குரோக்கர், படையின் மருத்துவர், படையின் வரலாற்றை எழுதி வைக்கும் பொறுப்பும் அவருடையது. இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காயத்தைக் கட்டுகிற கைதான் பெயரையும் எழுதுகிறது. டோல்கீனிடமும் இதன் சாயல் உண்டு. மினாஸ் திரித் முற்றுகையில் கேண்டால்ஃப் எதிரிப் படைமேல் நெருப்பு மழை பொழிவதில்லை. பின்வாங்கி வரும் ஃபாரமிரின் ஆட்களைக் காக்க ஒரு வெளிச்சக் கீற்றோடு குதிரையில் போகிறார், பிறகு மதில்மேல் நின்றவர்களின் மனம் உடையாமல் இருக்க அவர்களிடையே நடந்துகொண்டிருக்கிறார். அவர் அந்தப் பக்கம் வந்தால் ஆட்களுக்குத் தைரியம் வருகிறது, அவ்வளவுதான்.

என் வாதத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. இப்படி விதியின் ஓட்டைகளில் கணக்குப் போட்டு ஆடுவது கதையைக் கொன்றுவிடும் என்பார்கள். இதற்கு உதாரணமாக எல்லாரும் காட்டுவது விவசாயிகள் பீரங்கி. 2,000 விவசாயிகளை வரிசையில் நிறுத்தி ஈட்டியைக் கைமாற்றிக்கொண்டே போகச் சொன்னால், விதிப்படி எல்லாம் ஒரே ஆறு வினாடிச் சுற்றில் முடிந்துவிடும், ஆகவே ஈட்டி மின்னல் வேகத்தில் பறக்கும் என்ற பழைய பகிடி. 2024இல் வந்த டிஎம் கையேடு இதையே சுட்டிக்காட்டி, விதிகள் இயற்பியல் கிடையாது என்று எழுதிவிட்டது. நல்லது. எனக்கும் அந்தப் பகிடி பிடிக்காது, ஆனால் வேறு காரணத்துக்காக. அதில் 2,000 விவசாயிகள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் முகம் இல்லை. அவர்கள் பீரங்கிக்குழாயின் கம்பிச்சுருள். செயின்மெயிலில் மந்திரவாதியைப் பீரங்கியாக்கினார்கள், இங்கே விவசாயியைப் பீரங்கியாக்கிச் சிரிக்கிறோம். அகழி வெட்டும் பையன் விஷயத்தில் நான் போட்டதும் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு முடிகிற இடத்தில் ஒரு ஆள் நிற்கிறான், மாலையில் அவனுக்குப் பசிக்கும். நல்ல டிஎம் அவனைப் பார்த்துவிடுவார்.

எங்கள் மேசையில் இந்த வித்தியாசம் ஒருநாள் கூர்மையாக வந்து நின்றது. கிள்ளானில் நண்பர் வீட்டு வரவேற்பறையில் ஆடுகிறோம். டிஎம் நாற்பதை நெருங்கும் பள்ளி ஆசிரியர். பூசாரி பாத்திரத்தை ஆடுபவள் எங்களில் இளையவள், நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்துவிடுவாள். கதையில் ஆற்றுத்துறை ஒன்றைக் காக்கும் போர். எங்கள் பக்கம் 200 பேர், எல்லாம் ஊர்க்காரர்கள், எதிரே நாலு மடங்கு. நான் என் பங்குக்கு மோல்ட் எர்த்தால் கரையெல்லாம் வெட்டி வைத்திருந்தேன், ரொம்பப் பெருமையாக. ஆட்கள் விழத் தொடங்கினார்கள். டிஎம் தாளில் எண்ணை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தார். 200, 188, 171.

அவளிடம் 'ஸ்பேர் தி டையிங்' என்ற கேன்ட்ரிப் இருந்தது. ஹிட் பாயிண்ட் தீர்ந்து சாகக்கிடப்பவரைத் தொட்டால் உயிர் போகாமல் நிற்கும். குணமாகாது, எழுந்திருக்கவும் முடியாது, சாகமாட்டார் அவ்வளவே. அவள் கேட்டாள்.

"அண்ணே, இவங்க விழுந்தா உடனே செத்துருவாங்களா?"

"ஆமாம்மா. நமக்குத்தான் டெத் சேவ். பேர் தெரியாத ஆளுங்களுக்கு சைபர்னா சைபர்தான்."

விதி அப்படித்தான். நாயகர்கள் விழுந்தால் சுற்றுக்கு ஒரு பகடை உருட்டலாம், மூன்று வெற்றி வந்தால் பிழைப்பார்கள், மூன்று தோல்வி வந்தால் மரணம். யாரும் உதவாவிட்டாலும் பிழைக்க ஏறத்தாழ 60 விழுக்காடு வாய்ப்பு. மற்றவர்களுக்கு, முக்கியமான பாத்திரம் என்று டிஎம் நினைத்தால் ஒழிய, வழக்கமாக அந்தப் பகடை கிடையாது. அவர்கள் சாவதற்கு நேரமே எடுப்பதில்லை. நேரமே இல்லாத இடத்தில் அவளுடைய கேன்ட்ரிப் எங்கே நுழையும்? சின்ன மந்திரம் நுழையும் மிகக் குறுகிய இடம் ஒரு உடம்பின் அந்தப் பதினெட்டு வினாடி. அதை விதி 200 பேருக்கு அடைத்து வைத்திருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பகடையை உருட்டாமல் கையில் வைத்திருந்தாள். பிறகு, "அப்ப பேர் வச்சா?" என்றாள்.

டிஎம் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார். "சரி. தொடறதுக்கு முன்னாடி பேர் சொல்லணும். பேர், என்ன வேலை பார்க்கிறாரு, ரெண்டும். சொன்னா அந்த ஆளுக்கு டெத் சேவ் உண்டு."

அதற்குப் பிறகு நடந்ததை விறுவிறுப்பு என்று சொல்லமாட்டேன். போர் நகரவே இல்லை. அவள் சுற்றுக்கு 30 அடி நகர்ந்து ஒரு ஆளைக் குனிந்து தொட்டு, ஒரு பெயரும் ஒரு தொழிலும் சொல்வாள். படகோட்டி. பானை செய்கிறவர். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர். மற்றவர்கள் அவரவர் முறைக்குக் காத்திருந்தோம். ஒரு நண்பர் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார், "இப்படியே போனா விடிஞ்சிரும்" என்றார், அதில் தப்பில்லை. பேர் இல்லாதவர்களை உடனே சாகடிக்கும் விதியை எழுதியவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருந்து எழுதவில்லை. ஆட்டம் ஓட வேண்டும் என்று எழுதினார்கள். 200 பேருக்கு டெத் சேவ் உருட்டும் மேசையில் யாரும் மறுவாரம் வந்து உட்காரமாட்டார்கள். கணக்கு வைக்கும் வசதிக்காக யாரை எண்ணாக விடுகிறோம் என்பதுதான் கேள்வி. அது விளையாட்டுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை என்பதால்தான் இதை இலக்கியம் படிப்பவர்கள் முன்னால் வைக்கிறேன். போர் நாவல் எழுதும் ஒவ்வொருவரும் இதே கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள், எத்தனை பேருக்குப் பதினெட்டு வினாடி கொடுப்பது என்று.

இரண்டு மணிக்கு முடித்தோம். போரில் ஜெயித்தோமா என்றால், எதிரி அந்த இரவு பின்வாங்கியது, மறுநாள் வேறு துறை வழியாகக் கடந்தது. என் அகழி நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டிஎம் தாளில் ஒரு பக்கம் 96 என்ற எண் நின்றது. மறுபக்கம் அவள் சொன்ன பதினொரு பெயர்கள். அதில் இரண்டு பேரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எட்ட முடியவில்லை, அடுத்த சுற்றில் நடந்து போவதற்குள் பகடையில் ஒன்று விழுந்துவிட்டது. அவர்கள் பெயரை அடிக்க வேண்டாம் என்றாள். அடிக்கவில்லை.

மீதி ஒன்பது பேரும் இன்னும் கதையில் இருக்கிறார்கள். டிஎம் விடமாட்டார், ஆசிரியர் இல்லையா, வருகைப் பதிவேடு எடுத்த கை. படகோட்டிக்கு ஒரு கால் சரியாக ஊன்றாது. போன மாதம் அதே ஆற்றைத் திரும்பக் கடக்க வேண்டியிருந்தது. உயிரைக் காப்பாற்றியவள் எதிரே நிற்கிறாள் என்று தெரிந்தும் ஆளுக்கு இரண்டு வெள்ளிக்காசு கேட்டார், குதிரைக்குத் தனி.